படகின் ஆழம்: 1 அடி பிசகினால் 10 சதவீதம்

விழுப்புரம் நகரில் கடல் இல்லை. திண்டிவனத்திலிருந்து கிழக்கே போகும் சாலை மரக்காணத்தில்தான் கடலை எட்டுகிறது. அங்கிருந்து எக்கியார்குப்பம், பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று புதுச்சேரி எல்லை வரை மீனவர் குடியிருப்புகள். கரையேற்றி வைத்திருப்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். சின்னதோ பெரிதோ, இயந்திரம் பொருத்திய எந்த மீன்பிடிப் படகுக்கும் பதிவு எண் வேண்டும். அந்தப் பதிவில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் இடம்பெறும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த நாட்களில்தான் மீன்வளத் துறையினர் கடலோர மாவட்டங்களில் நேரடி ஆய்வு நடத்துகிறார்கள். படகைக் காட்டாவிட்டால் மானிய டீசல் நின்றுபோகலாம்.

நீளம் அளப்பது எளிது. முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை டேப்பை இழுத்தால் போதும். அகலத்துக்குப் படகு மிகவும் விரிந்திருக்கும் இடம். சிக்கல் ஆழத்தில்தான். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

பலரும் நினைப்பதுபோல் இது படகு தண்ணீரில் அமிழும் அளவு அல்ல. அது சுமைக்குச் சுமை மாறும். ஐஸ் ஏற்றினால் ஒன்று, மீன் இறக்கினால் இன்னொன்று. பதிவுக்கு வேண்டியது மாறாத அளவு. நடுப்பகுதியில் இரு பக்க விளிம்புகளின் மேல் ஒரு கம்பைக் குறுக்கே கிடத்தி, அதிலிருந்து படகின் அடிப்பாகம் வரை நேர்செங்குத்தாக அளப்பது எளிய முறை. சிறு படகுகளுக்கு அமெரிக்காவில் உள்ள விதி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏராக்கட்டையையும் மேலே உள்ள கேபினையும் இந்த அளவில் சேர்க்கக் கூடாது என்கிறது.

அதே விதிப்படி படகின் டன் அளவுக்கு ஒரு கணக்கு. 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் கொண்ட விசைப்படகை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 360 கன மீட்டர். படகு பெட்டி மாதிரி இல்லாமல் வளைந்திருப்பதால் அதை 0.67 ஆல் பெருக்கி, 2.83 ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 85 டன். இப்போது டேப் 30 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 1 அடி, பிசகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசகு நீளத்தில் என்றால் டன் கணக்கு 1.5 சதவீதம்தான் கூடும். அகலத்தில் என்றால் 5 சதவீதம். ஆழத்தில் என்றால் 10 சதவீதம். 85 டன் 94 டன் ஆகிவிடும். மூன்றில் மிகச் சிறிய அளவுதான் கணக்கை மிக அதிகமாக அசைக்கிறது.

இந்த டன் எடை அல்ல, கொள்ளளவு. 85 டன் படகு 85 டன் மீன் சுமக்கும் என்று பொருளில்லை. 100 கன அடிக்கு 1 டன் என்ற கணக்கை ஜார்ஜ் மூர்சம் வகுத்துத் தந்தார். பிரிட்டன் அதை 1854இல் சட்டமாக்கியது. மேலே வகுத்த 2.83 கன மீட்டர் அந்த 100 கன அடிதான்.

அதற்கு முன்பு நிலைமை வேடிக்கையானது. 1773ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் ஆழத்தை அளக்கவே இல்லை. அகலத்தில் பாதிதான் ஆழம் என்று வைத்துக்கொண்டது. துறைமுகக் கட்டணமோ டன் கணக்கில். கப்பல் கட்டுபவர்கள் சும்மா இருப்பார்களா? அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினார்கள். கட்டணம் குறைந்தது, சரக்கு கூடியது, கப்பல்கள் கடலில் தள்ளாடின.

கப்பல்களின் டன் அளவீட்டுக்காக 1969இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 1982 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்தது. 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள, நாடு விட்டு நாடு போகும் கப்பல்களுக்கானது அது. அதன் சூத்திரத்தை நம் உதாரணப் படகுக்குப் போட்டால், கேபினைச் சேர்க்காமல், சுமார் 60 வருகிறது. ஒரே படகு, ஒரு முறையில் 85, இன்னொன்றில் 60. எந்த விதிப்படி அளந்தது என்று தெரியாமல் இரண்டு படகுகளின் டன்னை ஒப்பிடுவதில் பயனில்லை.

இந்தியாவில் மீன்பிடிப் படகுகளுக்கென வணிகக் கப்பல் சட்டத்தில் 1983இல் தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி வந்ததால், அடுத்த ஆண்டே நாடு முழுவதும் ஒரே மாதிரியான பதிவு முறை அறிவிக்கப்பட்டது. இப்போது 'ரியல்கிராஃப்ட்' என்ற இணைய வழியில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டுப் படகு எண் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்குவது இந்த ஒரே மாதிரியான பதிவு முறையால்தான்.

பதிவோடு பணமும் சேர்ந்து வருகிறது. விற்பனை வரி இல்லாத டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டராகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டராகவும் உயரும் என 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆகவே பக்கப் பலகையை உயர்த்தினாலோ எஞ்சினை மாற்றினாலோ துறைக்குத் தெரிவித்து, புதிய அளவைப் பதிவில் ஏற்றிக்கொள்வது உரிமையாளருக்கே நல்லது. அடுத்த ஆய்வில் டேப் காட்டுவதும் சான்றிதழில் இருப்பதும் வேறுவேறாக இருந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.