நான்கு பேர் போதுமா?

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிக் கூலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார்: "சங்கம், கூட்டம், மனு எல்லாம் பார்த்தாயிற்று சார். நம்பிக்கையான நாலு பேர் சேர்ந்து இறங்கினால்தான் வேலை நடக்கும்." ஓர் அரசியல் மரபின் மையக் கருத்தைத் தாம் சொல்வதாக அவர் அறிந்திருக்கமாட்டார்.

அரசே கூடாது என்னும் அரசின்மைவாதத்துக்குள் எழுச்சிவாதம் என்றொரு தீவிரப் பிரிவு உண்டு. தலைமையும் உறுப்பினர் பட்டியலும் கொண்ட நிரந்தர அமைப்பு, நாளடைவில் போராட்டத்தைவிடத் தன்னைக் காத்துக்கொள்வதையே பெரிதாகக் கருதும் என்பது அதன் வாதம். எனவே, ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு குழுக்கள் ஒரு செயலுக்காகக் கூடிக் கலைய வேண்டும். நேரடிச் செயலே மக்களை எழுப்பும் என்கிறது அது. இத்தாலியின் அல்ஃபிரெடோ பொனானோ 1970களில் இதை விரித்தெழுதினார். ஆனால், இதன் வேர் 19ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது.

1893 டிசம்பர் 9 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அகுஸ்த் வையான் குண்டு வீசினார். எவரும் இறக்கவில்லை. ஆயினும், சில நாள்களிலேயே பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டம் வந்தது. 1894 பிப்ரவரியில் வையானின் தலை துண்டிக்கப்பட்டது.

அவரை நினைவுகூர்ந்த துண்டறிக்கையோடுதான் 1929 ஏப்ரல் 8 அன்று பகத் சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் டெல்லி மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசினர். அதற்கு முந்தைய ஆண்டில் அரசின்மைவாதம் குறித்துக் கட்டுரைகள் எழுதியவர் பகத் சிங். ஆளில்லாத இடம் பார்த்து எறிந்தார்கள், தப்பியோடாமல் கைதானார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால், அவர்கள் எதிர்த்த தொழில் தகராறு மசோதா, வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கும் சட்டமாகவே ஆயிற்று.

தூக்கிலிடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1931 பிப்ரவரியில், இளம் அரசியல் ஊழியர்களுக்கு எழுதியபோது பகத் சிங் இதற்கு விடை கண்டிருந்தார். குண்டுகளால் மட்டும் பயனில்லை. உழவரையும் தொழிலாளரையும் திரட்டும் நீண்டகாலப் பணியே தேவை என்றார்.

அந்த இளைஞரின் மனக்குறையை நான் தள்ளிவிடமாட்டேன். உறுப்பினரை மறந்து அலுவலகமாகிப்போன சங்கங்களைப் பற்றி எழுச்சிவாதிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து சங்கத்தைக் கைவிடுவதன்று. அதை மீண்டும் தொழிலாளர் வசமாக்குவதே. ஒரு நாள் தறியை நிறுத்த நான்கு பேர் போதும். கூலி உயரும்வரை நிறுத்திவைக்கவும், அதுவரை எந்த வீட்டிலும் அடுப்பு அணையாமல் காக்கவும் ஊரே வேண்டும்.