உதிரத் தெரிந்த கல் (கடலோரத் தொழில்கள் – 17)

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் ஓய்ந்ததும் மீன் வெட்டுகிற இடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். "வஞ்சிரத்தை மெல்லிசா போடுப்பா", "தலையைத் தனியா வைண்ணே" என்று ஆளாளுக்கு ஒரு குரல். கட்டைக்கு முன் குந்தியிருப்பவரின் கத்தியை எல்லோரும் பார்ப்பார்கள். கட்டையை ஒட்டிக் கிடக்கும் சாம்பல் நிறக் கல்லை யாரும் கவனிப்பதில்லை. பாதி மீனில் கையை நிறுத்தி அந்தக் கல்லை எடுப்பார். தண்ணீர் தெளித்து, இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு. திரும்பவும் வெட்டு. அவசரத்தில் நிற்பவருக்கு அது எரிச்சல்தான். ஆனால் அந்த நாலு இழுப்பு இல்லாவிட்டால் துண்டின் ஓரம் நார்நாராகப் பிய்யும், தோல் அறுபடாமல் தொங்கும், நடுமுள் நசுங்கிச் சதைக்குள் ஏறும். கையைப் பதம் பார்ப்பதும் பெரும்பாலும் மொக்கைக் கத்திதான். அழுத்தம் கூடக்கூட, வழுக்கும் மீனின்மேல் அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

இந்த வாரம் கத்தியை விட்டுவிட்டுக் கல்லைப் பார்ப்போம்.

கத்தியின் இரண்டு பக்கச் சரிவும் ஒரே கோட்டில் வந்து சேரும் வரை இரும்பைத் தேய்த்துக் கழிக்க வேண்டும். தீட்டுவதில் வேறு ரகசியம் இல்லை. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒன்று சுருண்டு எழும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்கே வெளிப்பக்கமாக நகர்த்தினால் நெருடும். அடியிலிருந்து நுனி வரை விடாமல் நெருடினால்தான் அந்தப் பக்க வேலை முடிந்தது. பிறகு கத்தியைத் திருப்பலாம். கடைசியில் கல்லின் நைசான பக்கத்தில், கைப்பாரத்தைக் குறைத்துக்கொண்டே போய், அந்தப் பிசிறையும் உதிர்த்துவிட வேண்டும். வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான். பிசிறோடு நிறுத்தினால் கத்தி அன்றைக்கு மட்டும் பயங்கரக் கூர். பத்துத் தக்காளி நறுக்கியதும் பிசிறு மடிந்து படுத்துவிடும், பழி கத்தி விற்றவன் தலையில் விழும்.

சரிவுக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி என்பது பொதுக்கணக்கு. சதை மட்டும் அறுக்க இன்னும் மெலிவாக வைக்கலாம். மண்டையையும் முள்ளையும் பிளக்கிற கத்தியை அப்படி மெலிய விட்டால் விளிம்பு பல் பல்லாகப் பேர்ந்துவிடும்.

அமெரிக்காவில் உரிமம் பெற்று வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பேசுவதும் இதே கூரைப் பற்றித்தான். அம்பு, துப்பாக்கிக் குண்டைப்போல அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. ரத்தக் குழாயை அறுத்துத்தான் கொல்கிறது. அம்பின் அலகு மழுங்கியிருந்தால் குழாய் அறுபடாமல் ஒதுங்கிக்கொள்ளும், மிருகம் காயத்தோடு ஓடி வதைபடும். ஆகவே அகன்ற இரும்பு அலகைத் தீட்டி, முன்கை ரோமத்தை மழித்துப் பார்ப்பார்கள். இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டு தொட்டதும் அறுகிறதா என்றும் பார்ப்பார்கள். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் அந்த வேட்டைக்குக் கதவை அடைத்துவிட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை. நம்மூர் இரும்பு அம்பு முனைகள் அகழாய்வில்தான் கிடைக்கின்றன. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவற்றில் அவையும் உண்டு. அவற்றையும் யாரோ ஒரு கல்லில்தான் தீட்டியிருப்பார்கள்.

காசிமேட்டிலிருந்து வடக்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போனால் கார்போரண்டம் யுனிவர்சல் ஆலை. தீட்டுகல்லிலிருந்து ஆலைகளுக்கான பெரிய சாணைச் சக்கரம் வரை செய்கிற நிறுவனம். முருகப்பா குழுமம், அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனியோடும் இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனியோடும் கைகோத்து 1954-ல் தொடங்கியது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்த ஆலை அசோக் லேலண்டாக மாறியதும், திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்ததும் அதையொட்டிய காலம்தான். லாரியானாலும் புல்லட்டானாலும் கிராங்க் ஷாஃப்டைக் கடைசி இம்மி வரை சரிப்படுத்துவது சாணைச் சக்கரம். வடசென்னைத் தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் லாரிக்கும் புல்லட்டுக்கும் பக்கம் பக்கமாகக் கொடுத்துவிட்டுச் சக்கரத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கார்போரண்டம், 1891-ல் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சசன் எதிர்பாராமல் கண்ட பொருள். களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரம் பாய்ச்சியதில், மின்னுகிற சின்னச் சின்னப் படிகங்கள் கிடைத்தன: சிலிக்கான் கார்பைடு. கடினத்தில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9-க்கும் மேல். இன்றைக்கு அதற்கு மணலும் பெட்ரோலியக் கோக்கும் மூலப்பொருள். 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மின்உலை வேண்டும். அந்தப் படிகத்தையோ செயற்கைக் குருந்தத்தையோ இடித்து, பருமன்வாரியாகச் சலித்து, பீங்கான் மண் போன்ற பிணைப்போடு கலந்து அச்சில் அழுத்தி, சுமார் 1,200 டிகிரியில் சூளை வைத்தால் சக்கரம்.

சக்கரங்களில் கடினம், மென்மை என்று ரகம் உண்டு. அந்தக் குறி, தேய்க்கிற படிக மணிகளைப் பற்றியதல்ல, அவற்றைப் பிடித்திருக்கும் பிணைப்பைப் பற்றியது. கடினமான எஃகைத் தேய்க்க வேண்டுமா? மென்மையான சக்கரம் போடு என்பார்கள். புதிதாகக் கேட்கிறவருக்குத் தலைகீழாகப் படும். கடின எஃகில் மணிகள் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய மணியைப் பிணைப்பு விட்டுவிட வேண்டும். அது உதிர்ந்த இடத்தில் அடியிலிருக்கும் புது மணி தலைகாட்டி வெட்டும். பிணைப்பு பிடிவாதம் பிடித்தால் மழுங்கிய மணிகள் இரும்பின்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். சக்கரத்தின் முகம் பளபளக்கும், வெட்டு விழாது, சூடு மட்டும் ஏறும். தேயாத சக்கரம் காசுக்கு லாபம் என்று நினைத்து வாங்கிய பட்டறைக்காரர் சீக்கிரமே ரகத்தை மாற்றிவிடுவார்.

கல் உதிர்ந்தால்தான் கூர் என்பது இந்த வட்டாரத்துக்குப் பழைய செய்தி. எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலை ஆற்றின் படுகையில், பூண்டிக்குப் பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் கணித்தார்கள். குவார்ட்சைட் கல்லைத் தட்டித் தட்டி, சில்லுகளை உதிர்த்து விளிம்பு எடுத்தவை அவை.

சூளையில் வெந்த சக்கரத்தைப் பொருத்துமுன் ஒரு சோதனை உண்டு. நடு ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, மரச்சுத்தியலால் ஓரத்தில் மெல்லத் தட்ட வேண்டும். கணீரென்றால் நல்ல சக்கரம். 'டொக்' என்று செத்த ஓசை வந்தால் எங்கோ விரிசல். அதை ஓடவிட்டால் உடைந்து சிதறி ஆளையே அடிக்கும். ஒரு நிமிட வேலைதான், அதையும் சோம்பல்படுகிற பட்டறைகள் உண்டு.

தெருவில் "சாணை புடிக்கிறதே" என்று கூவி வந்தவர்களின் அந்தக்காலச் சக்கரம், குருந்தத் தூளை அரக்கில் குழைத்துச் செய்தது. காலால் மிதிக்கிற வேகத்துக்கு மேல் அது சுற்றாது. கத்தி சூடேற வழியில்லை. இப்போது பல இடங்களில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழலும் ஆங்கிள் கிரைண்டர். பொறி பறக்க அரை நிமிடத்தில் பளபளவென்று கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கியதும் விளிம்பைப் பாருங்கள். எஃகு சுமார் 300 டிகிரியைத் தொட்டால் நீலம் பாயும். நீலம் தெரிந்தால் பதம் இறங்கிவிட்டது. அந்த இடத்தை எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. நீலத்தைத் தாண்டி உள்ளே நல்ல எஃகு வரும்வரை தேய்த்துக் கழிக்க வேண்டும், அதற்குள் கத்தி பாதி ஒல்லியாகிவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்த நல்ல கத்தியை இப்படிக் கெடுப்பதற்குக் கூலியும் கொடுக்க வேண்டியிருக்கிறது. மிஷினில்தான் தீட்ட வேண்டும் என்றால், பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறாரா, நாலைந்து நொடிக்கொரு தரம் கத்தியை அதில் முக்கி எடுக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.