எலும்பும் பேசும்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நோக்கிச் சென்றால் முதலில் வருவது தாம்பரம் சானடோரியம் நிலையம். நாள்தோறும் அதைக் கடக்கும் நம்மில் எத்தனை பேர் அப்பெயரின் காரணத்தை எண்ணிப் பார்த்திருப்போம்? 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கென இங்கு நிறுவிய மருத்துவமனையே காரணம். 1937-இல் அரசு அதனை ஏற்றது.

காசநோய் என்றதும் இருமலே நம் நினைவுக்கு வரும். அந்நோய் எலும்பையும் அரிக்கும் என்பதைப் பலர் அறியார். கிருமியா எலும்பைத் தின்கிறது? இல்லை. பெரும்பாலும் நம் உயிரணுக்களே தின்கின்றன!

எலும்பு உயிரற்ற கல்லன்று. அதில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள் கட்டுகின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்பவை இடிக்கின்றன. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

உயிரணுக்கள் ஒன்றோடொன்று பேசும் மொழிகளில் ஒன்று சைட்டோகைன் எனப்படும் புரதங்கள். அவற்றை ஆக்கும் குறிப்பு ஜீன்களில் உள்ளது. நூலகத்தில் ஆயிரம் நூல்கள் இருப்பினும் வேண்டிய நூலையே எடுத்துப் படிக்கிறோம் அல்லவா? அதுபோல, உயிரணுவும் தனக்கு வேண்டிய ஜீனை மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. இதுவே ஜீன் வெளிப்பாடு.

கட்டும் உயிரணு ரேங்க்-எல் என்னும் சைட்டோகைனை ஆக்குகிறது. 'இடிப்பவர் பெருகுக' என்பதே அதன் கட்டளை. அதே உயிரணு ஆஸ்டியோபுரோடெகரின் என்னும் புரதத்தையும் சுரந்து, அக்கட்டளையை அடக்குகிறது. இவ்விரண்டும் அளவோடு இருந்தால் எலும்பு நலமாயிருக்கும்.

காசநோய்க் கிருமி முதுகெலும்பில் தங்கினால், எதிர்க்க வரும் உயிரணுக்களில் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவற்றின் ஜீன்கள் மிகுதியாக வெளிப்படுகின்றன. அவற்றின் தூண்டுதலால் ரேங்க்-எல் பெருகும். இடிப்பவர் கை ஓங்கும். முள்ளெலும்பு நொறுங்கிக் கூன் விழும்.

அப்படியானால் டி.என்.எஃப்.-ஐ அடக்கினால் தீர்ந்ததா? அங்கேதான் சிக்கல். முடக்குவாதத்திற்காக அதனை அடக்கும் மருந்து பெற்ற சிலரிடம், உறங்கிக் கிடந்த காசநோய் விழித்தெழுந்ததை 2001-இல் மருத்துவர்கள் அறிவித்தனர். கிருமியைச் சிறை வைத்திருப்பதும் அதே டி.என்.எஃப். அன்றோ! எனவேதான் இன்று அம்மருந்துக்கு முன் காசநோய்ச் சோதனை செய்கின்றனர்.

ஆகவே தூதுவனை அடக்குவதைவிடக் கிருமியை அழிப்பதே வழி. முதுகெலும்புக் காசநோயர் பலரை, அறுவையின்றி மருந்தாலேயே குணப்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வுகளில், 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்துக்கும் பங்குண்டு. அம்மருந்தை அரசு இலவசமாக வழங்குகிறது.

நண்பர்களே! சுமை தூக்கி நம்மைப் படிக்க வைக்கும் பெற்றோர் முதுகு வலிக்கிறது என்றால், 'வேலை செய்த அலுப்பு' என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். வலி வாரக்கணக்கில் நீடித்து, மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். எலும்பு பேசும்போதே கேட்போம். அது நொறுங்கிய பின் கேட்டுப் பயனில்லை.