தொழுவத்தில் தூங்கும் டிவிஎஸ் 50... ஸ்பேனரைத் தொடும் முன் பென்சிலை எடுங்க!

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பல வீடுகளின் தொழுவத்தில், சாக்கு போர்த்திய பழைய மொபெட் ஒன்று சாய்ந்து நிற்கும். பருத்தியும் உளுந்தும் சுமந்த அப்பாவோட வண்டி. ‘எடைக்குப் போடவா, சரிபண்ணி ஓட்டவா?’ என்ற யோசனை உங்களுக்கும் இருந்தா, இதைப் படிங்க.

முதலில் அடையாளம்

டிவிஎஸ் 50 அறிமுகமானது 1980-ல். இரண்டு பேர் போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் இதுதான். எஞ்சினிலும் ஃப்ரேமிலும் எண்கள் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்து, மேலே தாள் வைத்து பென்சிலால் தேயுங்க. எண் தாளில் பதியும். அதை ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்க. அதில் திருநெல்வேலின்னு இருந்தா குழம்ப வேண்டாம். 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை கோவில்பட்டி அங்கேதான் இருந்தது.

பெயின்ட் அடிக்கும் அவசரத்தில் கிரைண்டரால் அந்த எண்ணைத் தேய்த்துடாதீங்க. வண்டி மின்னும், ஆனா அது உங்க அப்பா வண்டிதான்னு காட்ட வழியிருக்காது.

கரிசல் பார்த்த வேலை

மழையில் மட்கார்டுக்கு அடியில் அப்பிய கரிசல் மண் லேசில் காயாது. ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். அதனால உள்பக்கம் சுரண்டிப் பாருங்க. பொடியா உதிர்ந்தா, பட்டி பார்த்து மூடாம தகட்டை மாற்றணும்.

எஞ்சினை எழுப்ப...

எடுத்தவுடனே பெடலை மிதிக்காதீங்க. பிளக்கைக் கழற்றி, துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். பழைய பெட்ரோலை இறக்கி, டேங்க், கார்புரேட்டர், சைலன்ஸர் கரி மூன்றையும் சுத்தம் செய்யுங்க. இது டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்தா பிஸ்டன் பிடிச்சிடும். 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக் என்பதால், அதன் எஞ்சின் பாகங்களை நம்பி வாங்காதீங்க.

ஓட்டலாமா?

பதிவு முதலில் 15 வருஷம். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கணும். 2021 விதிப்படி 50 வயதான வண்டிக்கு ‘விண்டேஜ்’ பதிவு உண்டு. 1980-ல் பதிவான வண்டிக்கு 2030-ல்தான் அந்தத் தகுதி வரும். ஆனா விண்டேஜ் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. தினமும் காட்டுக்குப் போக சாதாரணப் பதிவுதான் சரி.

கடைசியா ஒண்ணு... கேரியரில் மூட்டை தேய்ச்ச தடம் இருந்தா, அங்கே பெயின்ட் வேண்டாம். துருவேறாம இருக்க எண்ணெய் மட்டும் தடவி விடுங்க. அதுவும் அப்பா எழுதின ஆர்.சி. புக்தான்!