ஏழு அணுக்கள்... ஒரு முனைவர் பட்டம்!

2001-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரக் கன அயனி ஆய்வு மையத்தில் நடந்த ஒரு சோதனையில் சிக்கியவை ஏழே ஏழு ஹாசியம் அணுக்கள். 108-ம் தனிமமான ஹாசியம், அட்டவணையில் தனக்கு மேலே இருக்கும் ஆஸ்மியத்தைப் போலவே ஆக்ஸிஜனுடன் சேர்ந்து ஆவியாகும் என்பதை அந்த ஏழும் காட்டிக்கொடுத்தன. அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவர். அவரே பின்னாளில் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, இதே அணு வேதியியல் துறைக்கு மாணவர்களைத் தயார்செய்யத் தொடங்கினார்.

இந்தத் துறைக்கு வரும் மாணவர் எடுத்தவுடன் ஹாசியம் போன்ற மீகனத் தனிமத்தைத் தொடுவதில்லை. 112-ம் தனிமத்துக்குப் பாதரசம், 114-க்கு ஈயம் என்று மேல்வரிசைக்காரர்களிடம்தான் கைபழக வேண்டும். பிறகு வெற்றிடக் குழாய், வாயுச் சுத்திகரிப்பு, மின்னணுக் கருவி எல்லாவற்றையும் கற்று, துகள் முடுக்கியில் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

முறை வந்ததும் வேலை இரவு பகலாக நடக்கும். புளூட்டோனியம்-244 பூசிய மெல்லிய தகட்டின்மேல் கால்சியம்-48 அயனிகள் பாயும். இயற்கைக் கால்சியத்தில் இந்த வகை 0.2 சதவிகிதம்கூட இல்லை. எப்போதாவது பிறக்கும் ஃபிளெரோவியம் (114-ம் தனிமம்) அணுவின் ஆயுள் ஓரிரு நொடி. அதற்குள் அதைக் காந்தத்தால் பிரித்து, உணர்கருவிகள் பதித்த குறுகலான பாதைக்குள் வாயுவோடு அனுப்புகிறார்கள். முதலில் சிலிக்கா பரப்பு, அடுத்து தங்கம், போகப்போகக் கடுங்குளிர். அணு எங்கே ஒட்டிச் சிதைகிறதோ, அந்த இடமே அதன் வேதியியல் குணத்தைச் சொல்லிவிடும்.

இரண்டு நொடி வாழும் அணுவால் யாருக்கு லாபம், கணினியிலேயே கணக்குப் போட்டுவிடலாமே என்போர் உண்டு. ஆனால், 114 மந்த வாயுவைப்போல இருக்கும் என்று 1975-ல் ஒரு கணிப்பு சொன்னது. பின்னால் வந்த கணிப்புகள் உலோகம் என்றன. தங்கத்தோடு அது பிணைவதைச் சோதனையில் பார்த்த பிறகுதான் உலோகம் என்பது உறுதியானது. அதுவும் ஈயத்தைப் போலன்றி, மிக எளிதில் ஆவியாகும் உலோகம். உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் 80 சதவிகிதத்தைத் தாண்டி ஓடும் இடத்தில், பாடப்புத்தக விதிகள் தடுமாறுகின்றன.

நம் கவலை வேறு. புளூட்டோனியத்தைத் தகட்டில் சீராகப் படிய வைப்பது கைப்பழக்கம். தெரிந்தவர் பக்கத்தில் நின்றுதான் அதைக் கற்க முடியும். கட்டுரையைப் படித்து வராது. மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1965 முதல் இயங்கும் சிறிய ஆய்வு உலை போன்ற பயிற்சிக்கூடங்கள் உலகில் குறைவு. ஜெர்மனியோ 2023 ஏப்ரல் 15-ல் கடைசி மூன்று அணுமின் நிலையங்களையும் மூடிவிட்டது. மின்சாரத்துக்கு அணு வேண்டுமா என்ற வாதம் தனி. அந்தச் சூட்டில் அணு வேதியியல் வகுப்பறைகளும் ஆளில்லாமல் போனால், எத்தனை கோடி செலவில் முடுக்கி கட்டினாலும் அதன் முன்னால் நிற்க ஆள் இருக்காது.

முடுக்கிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு மாணவருக்கும் போகட்டும். ஏழு அணுக்களை நம்பி இளமையைப் பணயம் வைப்பவருக்கு, படிப்பு முடிந்ததும் ஒரு நிரந்தர வேலை கொடுப்பதே நியாயம்.