பிணங்கள் எழுந்த போர்க்களம்!

மந்திரம் திரும்பி வந்த அமெரிக்கா: ஒரு விந்தை விளையாட்டின் கதை

1863ஆம் ஆண்டு ஜூலை 3ந் தேதி.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்திலே கெட்டிஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். மூன்று நாளாக அங்கே கோரமான சண்டை. வட மாகாணங்களின் சேனை ஒரு புறம். நாட்டை விட்டுப் பிரிந்து தனி அரசு அமைத்துக்கொண்ட தென் மாகாணங்களின் சேனை மறு புறம். பீரங்கிப் புகை வானத்தை மறைக்கிறது. வயல்வெளி எங்கும் பிணங்கள்.

அப்போதுதான் அது நடக்கிறது.

செத்துக் கிடந்த சிப்பாய் ஒருவனின் விரல் அசைகிறது. பக்கத்தில் கிடந்தவன் தலையைத் தூக்குகிறான். ஒன்று, இரண்டு, பத்து, நூறு என்று பிணங்கள் எழுந்து நிற்கின்றன! இவன் நண்பன், அவன் பகைவன் என்ற பேதமே இல்லை. உயிரோடு இருப்பவர்கள் எல்லோர் மேலும் அவை பாய்கின்றன!

"இதென்ன ஐயா கூத்து? நாங்கள் படித்த சரித்திரத்தில் இப்படி ஒன்றும் இல்லையே!" என்று கேட்கிறீர்களா?

உண்மைதான். சரித்திரத்தில் அன்றைய தினம் தென்னவர்களின் கடைசிப் பாய்ச்சல் முறியடிக்கப்பட்டது. மூன்று நாளில் இரு தரப்பிலும் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டார்கள், காயமுற்றார்கள், அல்லது காணாமற்போனார்கள். மாண்டவர்கள் மாண்டவர்களாகவே கிடந்தார்கள். எவரும் எழவில்லை.

பிணங்கள் எழுந்தது ஒரு விளையாட்டிலே. அதன் பெயர் 'டெட்லேண்ட்ஸ்'. செத்தவர்களின் பூமி என்று சொல்லலாம். ஷேன் லேசி ஹென்ஸ்லி என்ற அமெரிக்கர் அதை உருவாக்கி 1996ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இதுவும் ஒரு விளையாட்டா?

சதுரங்கம் போலவோ பரமபதம் போலவோ இதை நினைத்துவிடாதீர்கள். நான்கைந்து நண்பர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு வேஷம் ஏற்கிறார்கள். ஒருவர் துப்பாக்கி வீரர், ஒருவர் ஊர்க்காவல் அதிகாரி, மற்றொருவர் சூதாடி. ஆனால் முகத்தில் அரிதாரம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுத்தான்.

அவர்களில் ஒருவர் மட்டும் வேஷம் ஏற்பதில்லை. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைப் போல் கதையை நடத்துவது அவர் வேலை. "நீங்கள் கதவைத் திறக்கிறீர்கள். உள்ளே விளக்கு இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். "உள்ளே போகிறேன்" என்பார் ஒருவர். போனது பலிக்குமா, தலை போகுமா என்பதைப் பகடை சொல்லும். இப்படி ஒரே கதை மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூட நடப்பது உண்டு.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரு அமெரிக்கர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். இந்த வகைக்கு அதுவே ஆதி. அதிலே வருவது முழுக்க முழுக்கக் கற்பனை நாடு. நாம் இங்கே பேச வந்த வகை வேறு. நாடு நிஜம், ஊர் நிஜம், சரித்திரமும் ஒரு தேதி வரையில் நிஜம். அந்தத் தேதியிலே மந்திரம் உலகத்துக்குத் திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ்!

உலகத்தைக் கட்டுவது எப்படி?

'மந்திரம் வந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. ஒரு கல்லைக் குளத்தில் எறிந்தால் அலை கரை வரையில் போக வேண்டுமல்லவா?

ஹென்ஸ்லியின் உலகில் தம் இனத்தாரை வெள்ளையர்கள் கொன்றதற்குப் பழி வாங்கத் துடிக்கும் ஒரு செவ்விந்திய மந்திரவாதி இருக்கிறார். ஆதி காலத்தில் அடைத்து வைக்கப்பட்ட துர்தேவதைகளை அவர் அவிழ்த்துவிடுகிறார். அவற்றுக்கு உணவு மனிதனின் பயம். எந்த ஊரில் பயம் மிகுதியோ அந்த ஊர் நிலமே கெட்டுப்போகும். ஆகவே ஊரைக் காக்க வந்தவன் பேயைச் சுட்டுத் தள்ளினால் மட்டும் போதாது. ஜனங்களின் பயத்தையும் போக்க வேண்டும்.

1868இல் ஒரு பெரும் பூகம்பம். கலிபோர்னியாக் கரை பிளந்து கடலுக்குள் சரிகிறது. பிளந்த பாறைகளுக்குள்ளே ஒரு புதுவகைக் கரி அகப்படுகிறது. நிலக்கரியைவிடச் சூடாகவும் அதிக நேரமும் எரியும். எரியும்போது பேய் போல் அலறும்! அது கிடைத்ததும் விஞ்ஞானிகள் விபரீத யந்திரங்கள் செய்கிறார்கள். அந்தக் கரி பூமியை முதலில் எட்டிப் பிடிக்க ரெயில்வே கம்பெனிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

பார்த்தீர்களா? ஒரு தேதி, ஒரு பொருள். அதிலிருந்து வியாபாரம், பேராசை, யுத்தம். மந்திரத்துக்கு விலை வைத்திருப்பது இன்னும் அழகு. இந்த உலகத்துச் சூதாடி மந்திரம் போட வேண்டுமானால் பேயோடு சீட்டாட வேண்டும். ஆடுகிறவர் மேஜையில் நிஜமாகவே சீட்டை எடுத்துப் பார்க்கிறார். நல்ல சீட்டு வந்தால் மந்திரம் பலிக்கும். பொல்லாத சீட்டு வந்தால் பேய் அவனையே பிடித்து உலுக்கும். விலை இல்லாத மந்திரம் கதையைக் கொன்றுவிடும். விக்கிரமாதித்தனுக்குக்கூட வேதாளம் இலவசமாகக் கிடைக்கவில்லையே!

எங்கே இடறினார்கள்?

இவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டிய வீட்டில் ஒரு தூண் மட்டும் கோணலாக நின்றது.

கெட்டிஸ்பர்க்கில் பிணங்கள் எழுந்ததால் சண்டை முடியவில்லை. வடக்கு வெல்லவில்லை. தென்னவர்களின் தனி அரசு பிழைத்துக்கொண்டது. விளையாட்டின் கதை தொடங்கும் 1876இலும் அது ஒரு நாடாகவே இருக்கிறது.

அப்படியானால் அங்கே இருந்த அடிமைகள் என்ன ஆனார்கள்?

1860ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள். தாயை ஒரு சந்தையிலும் பிள்ளையை வேறொரு சந்தையிலும் விற்ற கொடுமை அது. தென்னவர்களின் அரசு அந்தக் கொடுமையைக் காப்பதற்கென்றே பிறந்தது. அதன் உப ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் பேசும்போது, வெள்ளையனும் கறுப்பனும் சமம் அல்ல என்பதே தங்கள் அரசின் மூலைக்கல் என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

விளையாட்டை எழுதியவர்கள் இதற்கு ஒரு சுலபமான வழி கண்டார்கள். தென்னவர்கள் தாங்களாகவே அடிமைகளை விடுவித்துவிட்டார்கள். பேய் பிசாசுகளோடு போராடும் அவசரத்தில் நிற வெறியும் மங்கிவிட்டது என்று எழுதி வைத்தார்கள்!

நோக்கம் கெட்டதல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். மேஜையில் உட்காருகிறவர்களில் ஒரு கறுப்பர் இருந்தால்? தம் பாத்திரமும் கறுப்பராக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினால்? பொழுதுபோக்க வந்த இடத்தில் வாரந்தோறும் அவர் அவமானப்பட வேண்டுமா? அவரும் தலை நிமிர்ந்து ஊர்க்காவல் அதிகாரியாக ஆடட்டும் என்று எண்ணியிருக்கிறார்கள்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். எஜமானர்களே மனம் இரங்கி விலங்கைக் கழற்றினார்கள் என்றால், வடக்கின் சேனையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கிய ஏறத்தாழ 1,80,000 கறுப்புச் சிப்பாய்கள் எதற்காகப் போராடினார்கள்? நிஜத்தில் 1865இல் தென்னவர்கள் தோற்றுச் சரணடைந்த பிறகுதான் அடிமைத்தனம் சட்டப்படி நாடெங்கும் ஒழிந்தது. அதன் பிறகும் தென் மாகாணங்களில் கறுப்பர்கள் தடையில்லாமல் ஓட்டுப் போட 1965ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது. இடையிலே சரியாக நூறு வருஷம்! அந்த நூறு வருஷத்துக் கண்ணீரையும் ஒரு வரியில் துடைத்துவிட்டால், மிச்சம் நிற்பது என்ன? குற்றம் செய்தவனின் கொடி. அதுவும் கறை இல்லாமல்!

பேய் வந்தது கற்பனை. அதை யாரும் உண்மை என்று நம்பப் போவதில்லை. ஆனால் 'அவர்கள் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை' என்ற பேச்சு இருக்கிறதே, அதை நம்புகிறவர்கள் நிஜ உலகத்தில் ஏராளம். அமெரிக்காவில் அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறவர்கள் 21ஆம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். ஆகவே இந்தப் பொய் பேயைவிடப் பொல்லாதது.

கட்டியவரே திருத்தினார்

பிறகு நடந்ததுதான் மெச்சத்தக்க விஷயம். 2020ஐ ஒட்டி அந்த விளையாட்டின் புதிய பதிப்பு வெளிவந்தது. ஹென்ஸ்லியின் பிரசுராலயமே அந்த உலகத்தின் சரித்திரத்தைத் திருத்திவிட்டது. புதிய பதிப்பில் தென்னவர்களின் அரசு தோற்று ஒழிந்துவிடுகிறது. பேய் இருக்கிறது, அலறும் கரி இருக்கிறது, பேயோடு சீட்டாடும் சூதாடி இருக்கிறான். அந்த அரசு மட்டும் இல்லை.

தம் கையால் வைத்த தூணைத் தாமே பெயர்த்து எடுப்பது எளிதல்ல. கால் நூற்றாண்டாக ஆடிப் பழகியவர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். இருந்தும் எடுத்தார்கள். கட்டிடம் இடிந்துவிடவில்லை!

தோற்றவர்கள் வென்ற கதை

இதற்கு நேர்மாறான ஓர் உலகமும் உண்டு. 1989இல் வெளிவந்த 'ஷேடோரன்' என்ற விளையாட்டு அது. அதிலே மந்திரம் திரும்புவது 2011ஆம் ஆண்டு. டிசம்பர் 24ந் தேதி ஜப்பானில் பியூஜி மலைக்கு மேலே ஒரு பெரும் பறவை நாகம் பறக்கிறது. எழுதிய காலத்தில் அது எதிர்காலம். அந்தத் தேதியையும் நாம் கடந்து வந்துவிட்டோம், நாகம்தான் வரவில்லை!

அந்தக் கதையில் அமெரிக்க அரசும் பெருங் கம்பெனிகளும் பழங்குடிகளின் நிலத்தைப் பறித்து அவர்களை முகாம்களில் அடைக்கின்றன. 2017இல் பழங்குடிகள் ஒரு மாபெரும் நடனம் ஆடுகிறார்கள். நான்கு எரிமலைகள் ஒரே சமயத்தில் வெடிக்கின்றன. அரசு பணிகிறது. 2018இல் டென்வர் நகரத்தில் உடன்படிக்கை ஆகி, மேற்குப் பிரதேசத்தில் பெரும் பகுதி பழங்குடிகளுக்கே திரும்பிவிடுகிறது.

அந்த நடனம் வெறும் கற்பனை அல்ல. 1889 ஜனவரி 1ந் தேதி சூரிய கிரகணம் பிடித்தபோது, நெவாடாவைச் சேர்ந்த பையூட் இனத்து வோவோக்கா என்பவர் ஒரு தரிசனம் கண்டார். மாண்ட உறவினர்கள் மீண்டு வருவார்கள், எருமை மந்தைகள் திரும்பும், யாரோடும் சண்டை வேண்டாம், இந்த நடனத்தை ஆடுங்கள் என்று அவர் போதித்தார். இனம் இனமாக அது பரவியது. லக்கோட்டா இனத்தார் குண்டு துளைக்காது என்று நம்பி ஒரு சட்டை தைத்து அணிந்துகொண்டார்கள்.

1890 டிசம்பர் 29ந் தேதி, தெற்கு டகோட்டாவில் ஊண்டட் நீ என்ற ஓடைக்கரை. பனிக்காலம். அமெரிக்கக் குதிரைப் படை அவர்களைச் சூழ்ந்துகொண்டு ஆயுதங்களைப் பறித்தது. எங்கோ ஒரு வேட்டுச் சத்தம். பிறகு பீரங்கிகள் முழங்கின. பெண்களும் குழந்தைகளும் உட்பட 150க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 300 வரையில் இருக்கும் என்றும் கணக்கிடுகிறார்கள். ஒரே குழியில் பலரைச் சேர்த்துப் புதைத்தார்கள். சட்டை குண்டைத் தடுக்கவில்லை.

அந்தச் சட்டை தடுத்திருந்தால்? அந்த நடனம் பலித்திருந்தால்? இந்தக் கேள்வியிலிருந்துதான் அந்த உலகம் பிறக்கிறது. இங்கே மந்திரம் குற்றத்தை மறைக்கவில்லை. 'இப்படி ஒரு குற்றம் நடந்தது' என்று அறியாத பிள்ளைகளுக்கும் அறிவிக்கிறது. மேஜையிலிருந்து எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டத் தூண்டுகிறது.

ஆயினும் ஒரு நெருடல் இருக்கவே செய்கிறது. பழங்குடி வெல்வதற்கு மந்திரம் வந்தால்தான் முடியுமா? லக்கோட்டா இனத்தார் மறைந்துபோன புராண மனிதர்கள் அல்லர். அவர்களுடைய சந்ததியார் அதே டகோட்டா பூமியில் வாழ்கிறார்கள். நிலத்துக்காகக் கோர்ட்டு ஏறி வழக்கும் நடத்தியிருக்கிறார்கள். கதையில் எரிமலை வெடிக்க வைப்பவர்கள் அதையும் மறந்துவிடக் கூடாது.

மந்திரத்துக்கு எல்லை

இப்படி ஓர் உலகம் கட்ட வேண்டும் என்று நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படலாம். தாராளமாகக் கட்டட்டும்! பிணம் எழட்டும், நாகம் பறக்கட்டும், மலை வெடிக்கட்டும். ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு அலை கரை தொடுகிற வரையில் யோசிக்கட்டும். மந்திரத்துக்கு விலை வைக்கட்டும்.

ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மந்திரம் வந்ததும் யாருடைய கண்ணீர் கணக்கிலிருந்து காணாமற்போகிறது? மாண்டவர்களை எழுப்புவதற்குக் கதை எழுதுகிறவனுக்கு உரிமை உண்டு. அவர்களைக் கொன்றவனை நல்லவனாக்குவதற்கு, எந்த மந்திரமும் அவனுக்கு உரிமை கொடுப்பதில்லை.