தண்டவாளத்துக்கு வந்த யோகம்!

ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் நாம் வேடிக்கை பார்க்காத ஐட்டமே கிடையாது. மாடு, மலை, எதிர் சீட்டுப் பெரியவரின் புளியோதரைப் பொட்டலம்... ஆனால் ஊரோடும் சேராமல், ஸ்டேஷனோடும் சேராமல் லைன் ஓரத்தில் நாலைந்து வீடுகள் தனியாக நிற்குமே, கவனித்திருக்கிறீர்களா? கேங்மேன் குவார்ட்டர்ஸ்!

தென் மாவட்டத்தில் அப்படி ஒரு வரிசையைப் பார்க்கப் போயிருந்தேன். ஸ்டேஷனில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேர நடை. ரோடா? மூச்!

"இந்தப் பொட்டல்ல ஏங்க கொண்டுவந்து வீட்டைக் கட்டினாங்க?" என்று ரிடையராகப் போகிற மேஸ்திரியிடம் கேட்டேன். சிரித்தார்.

"எங்களுக்காகவா கட்டினாங்க தம்பி? லைனுக்காகக் கட்டினது. ஒரு கேங்குக்கு அஞ்சாறு கிலோமீட்டர். ராத்திரி மழையில மண்ணு அரிச்சா கூப்பிட்ட குரலுக்கு ஓடணும்ல. பொண்டாட்டி, புள்ளைங்க இருக்கும்னு அப்ப யாரும் நினைக்கலை போல."

ஒரு ரூம், ஒரு அடுப்படி, முன்னால் கொஞ்சம் வராந்தா. ஒழுகுகிற மூலையில் அலுமினியக் குண்டான். பின்னால் கக்கூஸ் இருக்கிறது. கதவுகூட இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை! ஆண்கள் கருவேலங்காட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெண்கள் இருட்டும்வரை காத்திருக்கிறார்கள். போர் போட்டதில் வந்தது உப்புத் தண்ணி. முன்பெல்லாம் பாசஞ்சர் வண்டியில் கேனில் குடிதண்ணீர் வருமாம். வண்டி லேட் என்றால் உலையும் லேட்.

வீட்டில்தான் இப்படி என்றால் வேலையிலும் அதே கதைதான். 1909-ல் ஒகில் சந்திர சென் என்ற பயணி, பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, ஸ்டேஷனில் ஒதுங்கிய நேரத்தில் வண்டி கிளம்பிவிட, ரயில்வேக்குக் காரசாரமாகக் கடுதாசி போட்டார். சாதாரண வகுப்புப் பெட்டிகளில் டாய்லெட் வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்பார்கள். நமக்கு நல்லதுதான். ஆனால் அத்தனையும் விழுந்தது லைன் மேல். அதே லைனில்தான் மனிதர்கள் குனிந்து ஜல்லி தள்ளுகிறார்கள், போல்ட் முடுக்குகிறார்கள்.

2012-ல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் கமிட்டி, இந்தக் கழிவால் தண்டவாளம் அரித்துப்போகிறது என்று எச்சரித்தது. 2016-ல் மானாமதுரை - ராமேஸ்வரம் 114 கிலோமீட்டர், கழிவு விழாத முதல் 'பசுமை' வழித்தடமானது. 2019-க்குள் பெட்டிகளுக்கெல்லாம் பயோ டாய்லெட் வந்துவிட்டது. சபாஷ் போடவேண்டிய விஷயம்தான். இருந்தாலும், இரும்பு அரிக்கிறது என்றதும் கமிட்டி பேசுகிறது. அதைத் தொட்டுத் தொட்டுச் சேற்றுப்புண் வந்த விரல்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

ஜங்ஷன் பக்கம் கட்டியிருக்கும் புது அடுக்குமாடிக் குவார்ட்டர்ஸ் நன்றாகவே இருக்கின்றன. இந்த நடுக்காட்டு வரிசைகள்தான் அநாதை. கேங்மேனுக்கு இப்போது 'டிராக் மெயின்டெய்னர்' என்று பெயர். பெயர் மாடர்னாகிவிட்டது, கூரை ஆகவில்லை.

2018-ல் குரூப்-டி பதவிகளில் 62,907 காலியிடங்களுக்கு ஒரு கோடிக்கும் அதிகமானோர் அப்ளிகேஷன் போட்டார்களே, இதைப் படிக்கும் உங்களில்கூடச் சிலர் எழுதியிருப்பீர்கள். அப்படி இந்த வேலைக்கு வந்த டிகிரிக்காரர் ஒருவரையும் அங்கே சந்தித்தேன். வயசு இருபத்தெட்டு.

"மாப்பிள்ளை ரயில்வேன்னதும் பொண்ணு வீட்டுக்காரங்க ஸ்வீட் பாக்ஸோட வந்தாங்க சார். பொண்ணோட அம்மா வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க... 'பாத்ரூம் எங்கே?' அவ்வளவுதான். ஸ்வீட் மட்டும் மிச்சம்!"

அடுத்த மாதமே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுனில் வாடகைக்குப் போய்விட்டாராம். வரிசையில் இப்போது இரண்டு வீட்டில்தான் ஆள். மற்றதில் பாம்பு குடித்தனம் செய்கிறது. பெண்களும் டிராக் வேலைக்கு வருகிறார்கள். அவர்களை இங்கே தங்கு என்று எந்த வாயால் சொல்வது?

மேஸ்திரிக்கு வேறு கவலை.

"முந்தியெல்லாம் ராத்திரி தகவல் வந்தா பத்து நிமிஷத்துல எட்டு பேர் லைன்ல நிப்போம் தம்பி. போன அடைமழையில போன் அடிச்சு, எல்லாரும் டவுன்லேர்ந்து வந்து சேர ஒண்ணே கால் மணி நேரம். அதுவரைக்கும் நானும் இன்னொருத்தனும் மட்டும் டார்ச்சோட நின்னோம்..."